கடைசிப் பத்தியைப் படித்தாயா?

நான்காம் ஆண்டு சட்டம் படிக்கும்போது, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஒரு நீதிபதியிடம் நான்கு வாரம் இன்டர்ன்ஷிப் செய்தேன். இடம் கிடைத்தது சின்னக் கதை. ஒரு பக்கக் கடிதம், பயோடேட்டா, அங்கே படிப்பதை உறுதிசெய்து கல்லூரியில் வாங்கிய போனஃபைட் சான்றிதழ், முன்பு எழுதியிருந்த ஒரு கட்டுரை. மூன்று நீதிபதிகளுக்கு அனுப்பினேன். இரண்டு இடத்திலிருந்து பதிலே இல்லை. மூன்றாமவரின் பி.எஸ். (தனிச் செயலாளர்) ஒன்றரை மாதம் கழித்து போன் செய்தார். "திங்கட்கிழமை ஒன்பதரைக்கு வந்துரும்மா. வெள்ளை கறுப்புல வா." அவ்வளவுதான். உதவித்தொகை கிடையாது, பஸ் காசும் சாப்பாடும் நம் செலவு.

முதல் வாரம் முழுக்க வழக்குக் கட்டுகளைப் படிப்பதுதான் வேலை. மறுநாள் வழக்குப் பட்டியல் வந்ததும் பி.எஸ். நாலைந்து கட்டுகளை எடுத்து வைப்பார். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் எழுத வேண்டும்: யார் வந்திருக்கிறார், கீழ் நீதிமன்றம் என்ன சொன்னது, இப்போது என்ன கேட்கிறார், முக்கியமான தேதிகள். ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. கேட்க எளிதாக இருக்கும். பாகப்பிரிவினை வழக்கு ஒன்றில் மூன்று தலைமுறை உறவுமுறையைப் புரிந்துகொள்ளவே எனக்கு அரை நாள் போனது. சான்றாவணமாகக் குறித்த பழைய கிரயப் பத்திரத்தில் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருந்தது. அதுவரையிலான படிப்பில் எந்தப் பாடத்திலும் ஒரு முழுக் கட்டை எங்கள் கையில் கொடுத்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

வழக்குக் கட்டுக்குள் இருந்ததை வெளியே சொல்லக் கூடாது. அதனால் இனி சட்டத்தை மட்டும் சொல்கிறேன்.

இரண்டாம் வாரம் நீதிபதி முதல்முறையாக நேரடியாக ஒரு வேலை கொடுத்தார். காலவரம்புச் சட்டம் பிரிவு 5, தாமதத்தை மன்னிப்பது: கெடு தாண்டி வந்தாலும், போதுமான காரணம் இருந்தால் நீதிமன்றம் ஏற்கலாம். கீழ் நீதிமன்றம் மன்னித்துவிட்டது, அந்த உத்தரவைச் சரிபார்க்கச் சொல்லி எதிர்த்தரப்பு சீராய்வு மனுவில் வந்திருக்கிறது. இதற்குத் தீர்ப்புகளைத் தேடி ஒரு குறிப்பு வேண்டும். 'போதுமான காரணம்' என்று ஆங்கிலத்தில் தட்டினால் தீர்ப்புகள் வந்து குவிகின்றன. எனக்கோ குஷி. பதினான்கு தீர்ப்புகளுடன் ஆறு பக்கம் எழுதிக் கொடுத்தேன். என். பாலகிருஷ்ணன் எதிர் எம். கிருஷ்ணமூர்த்தி, 1998, உச்ச நீதிமன்றம்: இதைத்தான் மேலே வைத்திருந்தேன். 883 நாள் தாமதம். எத்தனை நாள் என்பது முக்கியமில்லை, சொல்லும் விளக்கம் ஏற்கத்தக்கதா என்பதே கேள்வி என்ற வரியைத் தடித்த எழுத்தில் போட்டேன். அந்த வரியை எடுத்தது தீர்ப்பிலிருந்து அல்ல, அதன் மேலே அச்சிடும் சுருக்கமான தலைக்குறிப்பிலிருந்து.

மதிய இடைவேளையில் நீதிபதி கூப்பிட்டார். குரலை உயர்த்தவில்லை.

"இந்தப் பாலகிருஷ்ணன் கேஸ்ல கீழ்க் கோர்ட் மன்னிச்சுதா, மறுத்துதா?"

விழித்தேன்.

"சரி, எதிர்த்தரப்புக்கு என்ன கிடைச்சுது?"

அதுவும் தெரியவில்லை. "கடைசிப் பத்தியைப் படிச்சியாம்மா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, தாள்களைத் திருப்பிக் கொடுத்தார்.

அன்று மாலை முழுத் தீர்ப்பையும் படித்தேன். சின்னத் தீர்ப்புதான். விசாரணை நீதிமன்றம் மன்னித்ததை உயர் நீதிமன்றம் சீராய்வில் மாற்றியிருந்தது. அது தவறு என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் கீழே மறுத்திருந்தால் கதை வேறு, மேல் நீதிமன்றம் காரணத்தைப் புதிதாகவே பரிசீலிக்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. எங்கள் மனு முதல் வகை. அதாவது என் குறிப்பின் உயிர் அந்த இடத்தில்தான் இருந்தது, நான் அதைத் தொடவே இல்லை. அப்புறம் அந்தக் கடைசிப் பத்தி. தாமதத்துக்குக் காரணமான வழக்கறிஞரிடமிருந்து மனுதாரர் நுகர்வோர் மன்றம் மூலம் ஏற்கெனவே 50,000 ரூபாய் வாங்கியிருந்தார். எதிர்த்தரப்பும் அலைந்து செலவு செய்திருக்கிறதே என்று, 10,000 ரூபாய் கொடுக்கும் நிபந்தனையோடுதான் தாமதத்தை மன்னித்தார்கள்.

மறுபடி எழுதினேன். பதினான்கு நான்கானது, ஆறு பக்கம் இரண்டானது. ஒவ்வொரு தீர்ப்புக்கும் கீழே யாருடைய தாமதம், எத்தனை நாள், எந்தக் கட்டத்தில், முடிவில் என்ன உத்தரவு என்று நான்கு வரி. எதிராகப் போகும் தீர்ப்பையும் வைத்தேன்: 2012-இல் அஞ்சல் துறை 427 நாள் தாமதமாக வந்தபோது, அரசு இயந்திரம் மெதுவாகத்தான் நகரும் என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. முதல் குறிப்பில் இதை வேண்டுமென்றே விட்டிருந்தேன், வாதம் பலவீனமாகிவிடுமாம்! நான் யாருக்காகவும் வாதாடவில்லை என்பது அதுவரை மண்டையில் ஏறவில்லை. ஒரு தரப்புக்காகவே வாதாடும் மூட் கோர்ட் (மாதிரி நீதிமன்ற) போட்டிகளின் பழக்கம்.

இரண்டாவது குறிப்பைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஓரத்தில் பென்சிலால் இரண்டு இடத்தில் கோடு போட்டிருந்தார்.

நான்காவது வாரம், வேறொரு வழக்கு. பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வழக்கறிஞர் எழுந்து அதே 883 நாளைச் சொன்னார். நீதிபதி நிமிர்ந்து, "அதில் எதிர்த்தரப்புக்கு எவ்வளவு கொடுக்கச் சொன்னார்கள்?" என்றார். வழக்கறிஞர் பக்கங்களைப் புரட்ட ஆரம்பித்தார். நான் குனிந்துகொண்டேன்.