‘கள்’ படுத்தும் பாடு

ஜூன் 3, 2025, செவ்வாய்

பின்னேர வகுப்பில் தரம் 3 பிள்ளைகளுக்கு ‘மரம்’ எழுதிப் பக்கத்தில் ‘ஐ’ போட்டுச் சேர்க்கச் சொன்னேன். ஒருவர்கூட ‘மரமை’ என்று எழுதவில்லை. எல்லாக் கொப்பியிலும் ‘மரத்தை’. வீடு ‘வீட்டை’ ஆனது, கல் ‘கல்லை’ ஆனது, ஏன் என்று கேட்டால் “அப்பிடித்தானே ரீச்சர் சொல்லுறது” என்கிறார்கள். சரி, வாயில் ஏற்கெனவே இருப்பதற்கு நான் என்ன விதி சொல்ல?

அப்புறம் ‘கள்’ சேர்க்கச் சொன்னேன். மரம்கள், கல்கள், பூகள், புறாகள். அதே பிள்ளைகள்தான்!

ஜூன் 5, வியாழன்

யோசித்துப் பார்த்தால் பிழை அவர்களுடையது இல்லை. திருகோணமலைக் கோட்டைப் பக்கம் ஒரு மான் நின்றாலும் கூட்டமாக நின்றாலும் நம் பேச்சில் “மான் நிக்குது”தான், “நாலு கல்லு எடுத்து வா” என்றுதான் சொல்கிறோம். காதில் அதிகம் விழாத விகுதியைப் புத்தகத்தில் பார்த்துத்தான் பழக வேண்டியிருக்கிறது, அதனால் விதி தேவைப்படுவது இங்கேதான்.

உதட்டில் விரலை வைத்துக்கொண்டு ‘மரம்கள்’ என்று வேகமாகச் சொல்லச் சொன்னேன். மெதுவாகச் சொன்னால் ‘ம்’முக்கு உதடு மூடுகிறது. வேகம் கூடக் கூட நாக்கு முந்திக்கொண்டு பின்னால் ‘க’வுக்குப் போய்விட, மூடாமலே ‘ங்’ வந்துவிடுகிறது. “ரீச்சர், உதடு ஒட்டவே இல்ல!” என்று கடைசி வாங்கிலிருந்து ஒரு கத்தல். குளங்கள், பழங்கள், படங்கள் எல்லாம் பிறகு தாங்களாகவே எழுதினார்கள்.

பூ, ஈ, புறாவுக்கு ‘க்’ சேரும், பசு, தெருவுக்கும் சேரும், ஆடு, மாட்டுக்குச் சேராது. ஆடு, மாட்டின் கடைசி ‘உ’ குறுகி ஒலிப்பதற்குக் குற்றியலுகரம் என்ற பெயரை இந்த வயதில் சொல்லிப் பயப்படுத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஜூன் 11, புதன்

நேற்றுப் பொசன் போயா, பௌர்ணமி விடுமுறை. கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போய் வந்த ஒருத்தி ‘ஏழு கிணறுகள்’ என்று அழகாக எழுதிவிட்டு, அடுத்த வரியில் ‘கிணத்தில் சுடுதண்ணி அள்ளிக் குளித்தோம்’ என்கிறாள். இங்கே பேச்சே காலை வாரிவிடுகிறது. கிணறு கிணற்றில், ஆறு ஆற்றில் என்று எழுதிக் காட்டினேன்.

பிறகு பலகையில் கல், பல், புல், முள் ஒரு பக்கம், கடல், கால், விரல் மறுபக்கம். ‘ஐ’ சேர்த்தால் இடப்பக்கம் இரட்டிக்கிறது: கல்லை, முள்ளை. வலப்பக்கம் வெறும் கடலை, காலை. ‘கள்’ சேர்த்தாலும் இடப்பக்கம்தான் மாறுகிறது: கற்கள், முட்கள். வலப்பக்கம் கடல்கள், விரல்கள் என்று பேசாமல் இருக்கிறது. “இடப்பக்கம் எல்லாம் குட்டிச் சொல்லு” என்று கிணறு எழுதியவளே கண்டுபிடித்தாள். தனிக்குறிலுக்கு, அதாவது தனியாக நிற்கும் ஒரே குறிலுக்கு, பின் நிற்கும் மெய், உயிர் வந்தால் இரட்டிக்கும் என்று நன்னூல் சொல்வதில் பாதி அவள் கையில் வந்துவிட்டது.

ஜூன் 13, வெள்ளி

சொல்வதெழுதலில் ‘நாள்’ வந்தது. நெடில்தானே, விதிப்படி நாள்கள் என்று பாதிப்பேர், புத்தகத்தில் கண்ட நாட்கள் என்று மீதிப்பேர். இரண்டுக்கும் சரி போட்டேன். இரவு ஒரு பிள்ளையின் அப்பப்பா போன் எடுத்து, நாட்களுக்கு எப்படி ரீச்சர் புள்ளி கொடுப்பீர்கள் என்று சண்டை. அவரைச் சமாளித்துவிட்டு வைத்தால், முள் முட்கள் என்றால் கண் ஏன் ‘கட்கள்’ இல்லை என்று அதே போனில் பேரனின் குரல் செய்தி. கண்ணை என்று இரட்டிக்கிறதே, பிறகென்ன என்கிறான். ‘ண்’ணை அடுத்த கிழமைக்கு வைத்திருந்தேன், திங்களே எடுக்க வேண்டியதுதான்.