மாங்குளத்திலிருந்து தரமணி வரை: எழுத்தின் தடம் பற்றி ஒரு பயணம்

மதுரைக்கு வடகிழக்கே, மேலூர்ப் பக்கம், மீனாட்சிபுரம் என்ற சிற்றூரை ஒட்டி ஓவாமலை நிற்கிறது. மாங்குளம் கல்வெட்டுகள் என்று வரலாற்று நூல்கள் குறிப்பிடுபவை இந்த மலையில்தான் இருக்கின்றன. பாறையில் தொடங்கிக் கணினித் திரை வரை தமிழ் எழுத்து தன் இருப்பிடத்தை மாற்றிக்கொண்டே வந்திருப்பதை அந்தந்த இடத்துக்கே போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். அதற்கு இந்த மலையைவிடப் பொருத்தமான தொடக்கம் எனக்குத் தோன்றவில்லை.

வெயில் ஏறுவதற்கு முன்பே மேலே போய்விடுவது நல்லது. களைப்புக்காக மட்டுமன்று, எழுத்துக்காகவும்தான். வெளிச்சம் சாய்வாக விழும்போதுதான் வெட்டின் ஓரத்தில் நிழல் கட்டி எழுத்து எழுந்து நிற்கிறது; உச்சிப்பொழுதில் எழுத்துக்கும் பாறைக் கீறலுக்கும் வேறுபாடு தெரிவதில்லை. மழைநீர் உள்ளே வழியாதபடி குகையின் நெற்றியில் காடி வெட்டியிருக்கிறார்கள். உள்ளே சமணத் துறவியர் படுப்பதற்காகச் செதுக்கிய கற்படுக்கைகள். 1882இல் இராபர்ட் சிவெல் கண்டறிந்த இந்த எழுத்துகள் தமிழே என்பதை 1924இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டினார். நெடுஞ்செழியன் என்ற பாண்டியன் பெயரும், கணி நந்தன் என்ற துறவியின் பெயரும், வெள்ளறை என்ற ஊரின் வணிகக் குழுவைக் குறிக்கும் ‘நிகமம்’ என்ற சொல்லும் இங்கே உள்ளன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நிற்கும் இந்த வரிகள் யார், யாருக்கு, எதைக் கொடுத்தார் என்பதை மட்டுமே சொல்கின்றன. உளி பிடித்தவன் சொல்லைச் சிக்கனமாகத்தான் செலவிட முடியும். எழுத்துகளும் பெரும்பாலும் நேர்க்கோடுகளால் ஆனவை. இன்றைய தமிழின் வளைவுகளை அங்கே தேடினால் கிடைக்காது.

அந்த வளைவுகள் எங்கிருந்து வந்தன என்பதைத் தஞ்சாவூரில் பார்க்கலாம். அரண்மனை வளாகத்துக்குள் இருக்கும் சரசுவதி மகால் நூலகம் நாயக்கர் காலத்தில் தொடங்கி, மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோசியின் (1798–1832) ஈடுபாட்டால் பெருநூலகமாக வளர்ந்தது. காட்சிக்கு வைத்திருக்கும் சுவடிகளைக் கண்ணாடிக்கு மிக அருகில் நின்று பார்த்தேன். பனையோலையில் நார் நெடுக ஓடுகிறது. அந்த நாரின் போக்கிலேயே எழுத்தாணி நேர்க்கோட்டை அழுத்தி இழுத்தால் ஓலை பிளந்துவிடும். ஆகையால் கை வளைத்து எழுதப் பழகியது. புள்ளி குத்தினாலும் ஓலை துளைபட்டுப் போகும். ஆகையால் ஏடெழுதியவர்கள் புள்ளியை விட்டுவிட்டார்கள். மெய்யெழுத்துக்கும் எகர ஒகரக் குறில்களுக்கும் புள்ளி உண்டு என்று தொல்காப்பியம் விதித்திருந்தும், ஓலையில் ‘கொடு’ என்பதும் ‘கோடு’ என்பதும் ஒரே வடிவம்தான். துணைக்காலும் (ா) ரகரமும்கூட ஒன்றுபோலவே இருக்கும்.

ஓலைப் பராமரிப்பில் நெடுங்காலம் பழகிய ஒருவர் வேறோர் இடத்தில் எனக்கு ஓர் ஏட்டைக் காட்டினார். மை ஏறாத ஓலை அது. நேராகப் பார்த்தால் வெறும் மஞ்சள் பட்டை. கரியைத் தைலத்தில் குழைத்து மேலே பூசி, துணியால் ஒரு முறை துடைத்தவுடன், கீறலில் தங்கிய கருமை வரி வரியாக வெளிப்பட்டது. அந்த நொடியில் என் உடம்பு சிலிர்த்தது. “எழுத்து தெரிஞ்சுட்டா மட்டும் போதாது சார், எங்க நிறுத்தணும்னு தெரிஞ்சவங்கதான் இதை வாசிக்க முடியும்” என்றார். சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை, நிறுத்தக்குறி இல்லை. யாப்பும் இலக்கணமும் அறிந்தவரே வாசகர் என்ற நிலையை ஓலை உண்டாக்கி வைத்திருந்தது. கேட்டுக் கற்பதும் மனப்பாடம் செய்வதும் நம் கல்வியில் அத்தனை பெரிய இடம் பெற்றதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

ஓலைக்கு ஆயுள் சில நூற்றாண்டுகள்தாம். மறுபடி படியெடுக்க ஆளில்லாத நூல் அழிந்தது. பழுதான ஏடுகளை ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விடும் வழக்கம் வேறு. உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து பல சுவடிகளை ஒப்பிட்டுச் சீவகசிந்தாமணியை 1887இலும், புறநானூற்றை 1894இலும் அச்சில் ஏற்றினார். அவர் சற்றுப் பிந்தியிருந்தால் நம் கையில் எது மிஞ்சியிருக்கும் என்ற எண்ணம் நூலகத்தை விட்டு வெளியே வந்த பிறகும் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

தமிழ் அச்சின் கதை தஞ்சையிலோ சென்னையிலோ தொடங்கவில்லை. 1578இல் கொல்லத்தில் போர்த்துகீசியத் துறவி அண்டிரிக் அடிகளார் தமிழ் எழுத்திலேயே அச்சிட்ட 16 பக்கத் ‘தம்பிரான் வணக்கம்’ அதற்கு முன்னோடி. ஆனாலும் அச்சுத் தொழில் நம் மண்ணில் காலூன்றிய இடத்தைப் பார்க்க வேண்டுமானால் தரங்கம்பாடிக்குத்தான் போக வேண்டும். 1620இல் டேனியர் கட்டிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. அதிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம். 1706 சூலையில் இங்கே வந்திறங்கிய செருமானிய மறைப்பணியாளர் சீகன்பால்கு, மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார் என்பார்கள். செருமனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713இல் இங்கே வந்து சேர்ந்தன. அவை அளவில் பெரியவை. புதிய ஏற்பாடு முழுவதையும் அவற்றால் அச்சிட்டால் இருக்கிற தாள் போதாது. ஆகவே இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். நான்கு நற்செய்திகளும் திருத்தூதர் பணியும் 1714இலும், எஞ்சியவை 1715இலும் வெளிவந்தன. தாளுக்கும் வழி தேடி, பக்கத்திலுள்ள பொறையாற்றில் காகிதம் செய்யும் பட்டறை தொடங்கினார்கள். பட்டறை நிலைக்கவில்லை என்றாலும் அந்த இடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஓலையில் நார் எழுத்தை வளைத்ததைப் போலவே, இங்கே தாளின் விலை எழுத்தைச் சிறுக்க வைத்திருக்கிறது.

அச்சு பரவிய பிறகே புள்ளி தன் இடத்துக்குத் திரும்பியது. ஏகார ஓகார வடிவங்களை வீரமாமுனிவர் பிரித்துக் காட்டியதும் நிலைபெற்றது. 1835இல் அச்சகங்களின் மீதிருந்த கட்டுப்பாடு தளர்ந்தது. 1882இல் சுதேசமித்திரன் வந்தது, 1942இல் தினத்தந்தி வந்தது. இடையில் 1938இல் சென்னை வானொலி நிலையம் பேசத் தொடங்கியது. இந்தக் கதையைப் பலரும் எழுதியிருப்பதால் நான் மேலும் நீட்டவில்லை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். அச்சுக்கோப்பவரின் பெட்டியில் தமிழுக்கு அறைகள் மிகுதி. தும்பிக்கை போன்ற கொம்பு வைத்த பழைய லை, னை, ணை ஆகியவற்றுக்கும் சுழித்து எழுதிய ணா, றா, னாவுக்கும் தனித்தனி அச்சு வேண்டியிருந்தது. பெரியார் 1935இல் குடிஅரசு இதழில் இவற்றை எளிமையாக்கி அச்சிட்டார். 1978இல்தான் அரசாணை வந்தது. சீர்திருத்தத்தில் ஈய அச்செழுத்துகளின் எடைக்கும் பங்கு உண்டு.

பயணத்தின் கடைசி நிறுத்தம் சென்னைத் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா செட்டியார் தனியொருவராகச் சேர்த்த நூல்களும் இதழ்களும், அவர் 1992இல் மறைந்த பின், சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் காக்கப்பட்டு இங்கே வந்தன. பெரும் இலக்கியங்களோடு நாடக நோட்டீசும் பாட்டுப் புத்தகமும் அழைப்பிதழும் சேர்ந்தே பாதுகாக்கப்படுவதுதான் இதன் தனிச்சிறப்பு. நுண்படச் சுருள் (மைக்ரோபிலிம்) ஒருபுறம், மின்வருடல் ஒருபுறம் என இரண்டு வழியிலும் இங்கே நூல்களைப் படியெடுத்திருக்கிறார்கள். இது வீண் முயற்சி என்று சிலர் நினைக்கலாம்; எனக்கு இதுவே முழுமையான அறிவுடைமையாகப் படுகிறது. சுருளைப் படிக்க ஒரு விளக்கும் ஒரு வில்லையும் போதும். மின்கோப்பைப் படிக்க, அது எழுதப்பட்ட குறியேற்றம், அதாவது எழுத்துக்கு எண் தரும் முறை, தெரிந்த கருவி வேண்டும்.

மதுரைத் திட்டத்தின் வரலாறே இதற்குச் சான்று. 1998 பொங்கலன்று தொடங்கி, தன்னார்வலர்கள் தட்டச்சிட்டுச் சங்கப் பாடல்களையும் காப்பியங்களையும் இணையத்தில் இலவசமாக வைத்த அந்தப் பெரும்பணி, தொடக்க ஆண்டுகளில் தமிழுக்கென உருவான தஸ்கி (TSCII) குறியேற்றத்தில் நூல்களை வெளியிட்டது. பின்னர் எல்லா மொழிகளுக்கும் பொதுவான ஒருங்குறி (யூனிகோடு) பொதுவழக்கானபோது அதே நூல்களை அவர்கள் மீண்டும் மாற்ற நேர்ந்தது. ஓலையில் நூற்றாண்டுக்கு ஒரு முறை நடந்த படியெடுப்பு, திரையில் பத்தாண்டு முடிவதற்குள்ளேயே தேவைப்பட்டுவிட்டது.