தேயிலைத் துளைப்பான் வண்டுகளை மறுவகைப்படுத்திய அனுபவம்

இலங்கையின் பேராதனைப் பகுதியில் ஒரு பூச்சிச் சேகரிப்பைப் பராமரித்து வரும் எனக்கு, "ஃபோர்னிகேட்டஸ்" என்ற ஒரே பெயரின் கீழ் இருந்த தேயிலைத் துளைப்பான் வண்டுகளைப் பிரித்து வகைப்படுத்தும் பொறுப்பு வந்து சேர்ந்தது. 1868 இல் பூச்சியியலாளர் ஐக்ஹோஃப் இலங்கை மாதிரியைக் கொண்டு இட்ட அந்தப் பெயரே நம் தேயிலை நூல்களில் நெடுங்காலம் வழங்கி வந்தது. அது ஓர் இனமன்று, தோற்றத்தால் பிரித்தறிய அரிய பல இனங்களின் கூட்டம் என்பதை டி.என்.ஏ. ஆய்வுகள் காட்டின. 2018 இல் அவை தனித்தனியாகப் பிரிக்கப்பட்டன. 2019 இல் மூல மாதிரியின் அளவுகளை மீண்டும் ஒப்பிட்டபோது, அது கலிஃபோர்னியாவிலும் இஸ்ரேலிலும் ஆனைக்கொய்யா மரங்களைத் தாக்கும் இனத்தோடுதான் பொருந்துகிறது என்று தெரியவந்தது. ஆகவே பழைய பெயர் அந்த இனத்துக்கே உரியதாகி, தேயிலையைத் துளைப்பவை பெர்ப்ரெவிஸ், ஃபோர்னிகேட்டியோர் என்று அழைக்கப்படலாயின.

பெயர்ச்சீட்டை மட்டும் மாற்றிவிட முடியாது என்பது நுணுக்குக்காட்டியின் முன் அமர்ந்ததுமே தெளிவாயிற்று. பெண் வண்டின் நீளமே ஏறக்குறைய இரண்டரை மில்லிமீற்றர்தான். இனங்களின் அளவுகளோ ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. எனவே, தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்து நடக்கும் மலைகளுக்குச் சென்று புதிய மாதிரிகளைச் சேர்த்தேன். எந்தக் கிளை துளைபட்டது என்பதை அங்குள்ள தொழிலாளர்கள், கொழுந்து பறிக்கையில் அது முறிவதைக் கொண்டே அறிந்திருந்தார்கள். அவர்கள் காட்டிய கிளைகளைப் பிளந்து, உள்ளே பூஞ்சையை வளர்த்து வாழும் வண்டுகளை எதனோலில் இட்டு, டி.என்.ஏ. வரிசையைப் பெற்ற பின்னரே அவற்றுக்குப் பெயரிட்டேன்.

பழைய மாதிரிகளில் எனக்குக் கைகொடுத்தவை, பிடித்த இடமும் நாளும் மரமும் எழுதப்பட்ட சீட்டுகளே. தேயிலையிலிருந்து எடுத்தது என்ற ஒரு சொல், எந்த இனங்களோடு முதலில் ஒப்பிட வேண்டும் என்பதைக் காட்டியது. "கண்டி" என்று மட்டும் எழுதியிருந்தவற்றில் அந்த வழிகாட்டலும் இல்லை. இடத்தையும் மரத்தையும் எழுதுவது பூச்சியைப் பிடிப்பதற்கு ஈடான வேலை என்றே நான் கருதுகிறேன். பழைய சீட்டு எதையும் அகற்றாமல், அதன் கீழ் புதிய பெயரையும் தீர்மானித்த ஆண்டையும் எழுதிய சீட்டைக் குத்தினேன். அளவாலும் டி.என்.ஏ.யாலும் முடிவு காண இயலாதவற்றை எந்த இனத்திலும் சேர்க்காமல், "ஃபோர்னிகேட்டஸ் கூட்டம்" என்று குறித்துத் தனிப் பெட்டியில் வைத்துள்ளேன்.