ஊசி குத்தினால் பரவுமா?

"டொக்டர், ஊசி குத்தினா வருத்தம் பரவுமாம் எண்டு சொல்லுகினம்." மார்புக்கட்டியோடு எங்கள் சத்திரசிகிச்சை கிளினிக்குக்கு வருகிற பெண்கள் அதிகம் கேட்பது இதைத்தான். அவர்கள் சொல்வது மருந்து ஏற்றுகிற ஊசியை அல்ல, கட்டிக்குள்ளிருந்து கலங்களை (செல்களை) எடுத்துப் பரிசோதிக்கிற ஊசியை. புற்றுநோய் என்று வாயால் சொல்லமாட்டார்கள், "அந்த வருத்தம்" என்பார்கள். பயத்துக்குக் காரணம் இருக்கிறது. பிந்தி வந்த யாரோ ஒருவருக்கு ஊசி குத்தியிருப்பார்கள், சில மாதங்களில் அவர் இறந்திருப்பார். ஊருக்கு ஊசி மட்டும்தான் நினைவில் நிற்கும். ஊசி போன தடத்தில் கலங்கள் ஒட்டி வளர்வது மிக மிக அரிது. பயந்து வீட்டில் இருக்கிற மாதங்களில்தான் நோய் வளர்கிறது. இதை நான் சலிக்காமல் ஒவ்வொருவருக்கும் சொல்கிறேன்.

நாங்கள் பாவிப்பது இரத்தம் எடுக்கிற ஊசியளவு, சிலவேளை அதைவிட மெல்லியது. கட்டியை இரண்டு விரல்களுக்கிடையில் அசையாமல் பிடித்து, ஊசியைச் செலுத்தி, சிரிஞ்சின் தண்டை இழுத்துப் பிடித்தபடி பல திசைகளில் முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். வெளியே எடுக்கமுன் இழுவையை விட்டுவிட வேண்டும். விடாவிட்டால் ஊசிக்குள் இருக்கிற கொஞ்சக் கலங்களும் சிரிஞ்சுக்குள் ஏறி வீணாகும். பிறகு கண்ணாடித் தகட்டில் பரப்பி, சிலவற்றைக் காயவிட்டு, மற்றவற்றை உடனே 95 வீத அற்ககோலில் போடுகிறோம். வன்னி வெயிலில், மின்விசிறிக்குக் கீழே, அந்த "உடனே" என்பது நொடிக்கணக்குத்தான். அற்ககோலுக்குப் போகவேண்டிய தகடு அதற்குமுன் காய்ந்துபோனால் கலத்தின் கரு உருமாறி, பார்க்கிற நோயியல் நிபுணரைக் குழப்பிவிடும். அதனால் ஊசியை எடுக்கமுன்னமே போத்தல் மூடி திறந்திருக்க வேண்டும் என்பது எங்கள் அறையில் சட்டம்.

நீர்க்கட்டி என்றால் நீர் வந்ததும் கட்டி கைக்குத் தட்டுப்படாமல் போய்விடும். அந்தப் பெண்ணின் முகம் மாறுவதைப் பார்ப்பது இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த கணம். நீரில் இரத்தம் கலந்திருந்தாலோ மிச்சக் கட்டி தட்டுப்பட்டாலோ மேலும் பார்க்க வேண்டும்.

சிக்கல் ரிப்போட்டில்தான். "கலங்கள் போதாது" என்று வந்தால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. "புற்றுநோய்க் கலங்கள் காணப்படவில்லை" என்பதும் அப்படித்தான். விரல் சொல்வது, ஸ்கான் அல்லது மமோகிராம் சொல்வது, ஊசி சொல்வது, இந்த மூன்றும் ஒத்துப்போனால்தான் நான் ஒருவரை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்புவேன்.

ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மாவுக்குக் கல்லுப்போன்ற கட்டி, மேலே தோல் உள்ளிழுத்திருந்தது. ஊசி ரிப்போட்டில் ஒன்றுமில்லை. "ஒண்டுமில்லை எண்டுதானே வந்தது, பிறகேன் இன்னொரு ஊசி?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. சில புற்றுநோய்களில் கலங்கள் ஐதாகச் சிதறிக் கிடக்கும், மெல்லிய ஊசிக்குள் அகப்படாது என்று விளக்கினேன். மகளும் சேர்ந்து சொல்லத்தான் சம்மதித்தார். தடித்த ஊசியால் எடுத்த தசைத்துண்டில் புற்றுநோய் இருந்தது. நோய் மார்பின் பால்குழாய்ச் சுவரைத் தாண்டிவிட்டதா என்பதை மெல்லிய ஊசியால் சொல்ல முடியாது. ஹோர்மோன் மருந்து பலன் தருமா என்பதற்கும் தசைத்துண்டே நம்பகமானது. வசதியுள்ள இடங்களில் இன்று சந்தேகமான கட்டிக்கு முதலிலேயே அதைச் செய்வதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் எந்த ஊசியானாலும் மறுமொழி கேட்க ஆள் திரும்பி வரவேண்டும். பஸ் குறைந்த ஊர்கள். காலபோக அருவி வெட்டு, அதாவது நெல் அறுவடை, தொடங்கினால் கிளினிக் பாதி வெறுமையாகிவிடும். ஆகவே அடுத்த திகதியை வயல் வேலையைக் கேட்டபிறகே கொப்பியில் எழுதுகிறோம். அன்றைக்கு வராதவர்களின் பெயரை, பின்னேரமே அந்தப் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தருக்குச் சொல்லிவிடுகிறோம்.