லாலாங்கை வெட்டச் சொன்ன ஆன்ட்டி

சிங்கப்பூரில் அடுக்குமாடி புளோக்குகளைச் சுற்றிப் புல் வெட்டுவது எங்கள் வேலை. ஒரு புளோக்கின் கீழே லாலாங் என்ற காட்டுப்புல்லும் கினிப் புல்லும் உயரமாக வளர்ந்திருந்தன. கொசு வருகிறது, வெட்டு என்றார் அங்கே குடியிருக்கும் ஒரு ஆன்ட்டி. "புல்லால கொசு வராது ஆன்ட்டி, தண்ணி தேங்கினாத்தான் வரும்" என்று நான் சொன்னது உண்மைதான். டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது பூச்சாடித் தட்டிலும் வாளியிலும் தேங்கிய தண்ணீரில். ஆனால் வளர்ந்த கொசு பகலில் புல்புதர் நிழலில் ஒண்டும். அதையும் நானேதான் சொன்னேன்.

"அப்புறம் என்ன தம்பி? வெட்டு" என்றார். அவர் பேரன் டெங்கி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவன். "உன் பிள்ளைக்கு வந்திருந்தா இப்படி நின்னு விளக்கம் சொல்லுவியா?"

நாங்களும் வெட்டத்தான் போயிருந்தோம். மெஷினை நிறுத்தியது எங்கள் புதுக்கோட்டைத் தம்பி. "அண்ணே, தினைக்கொல்லையில மேயிற மாதிரி மேயுது பாருங்க" என்றான். புள்ளிச் சில்லைகள், புல்விதை தின்னும் சின்னக் குருவிகள். கினிப் புல்லின் கதிரில் இரண்டு ஒன்றாக உட்கார, தண்டு வளைந்து பக்கத்துப் புல்லில் சாய்ந்தது; அப்படியே தொங்கிக்கொண்டு விதையை உருவின. கொஞ்சம் தள்ளி ஒரு தூக்கணாங்குருவி, இலை ஓரத்தைக் கடித்து நீளமாக நார் கிழித்துக்கொண்டு பறந்தது.

பாதையோரம் மட்டும் ஒட்ட வெட்டினோம். உள்பக்கத்தை விதை உதிரும்வரை விடலாம் என்று மேலாளரிடம் கேட்டு வாங்கினேன். சரியான முடிவு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். எப்படி வெட்டினாலும் லாலாங் போகாது. மண்ணுக்கடியில் ஊசி நுனியோடு ஓடும் தண்டு திரும்பத் துளிர்க்கும், நெருப்பு வைத்தாலும்கூட. 19ஆம் நூற்றாண்டில் காம்பியர் என்ற, தோல் பதனிட உதவும் செடியைப் பயிரிட்டவர்கள் மண்ணைச் சக்கையாக்கிவிட்டுப் போன இடங்களை மூடியதே இந்தப் புல்தான். அதைக் குப்பை என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

ஆனால் பேரனை வைத்துக்கொண்டு பயப்படுகிறவரிடம் காம்பியர் கதையைச் சொல்ல முடியுமா? நான் அந்த புளோக்கில் குடியிருப்பவன் இல்லை. வேலை முடிந்தால் லாரி ஏறிப் போய்விடுவேன். சில்லைக்காக நான் பேசியது அவர் வீட்டு ஜன்னலுக்குக் கீழே. இது உறுத்துகிறது. அதற்காக எல்லாவற்றையும் வழித்திருக்க வேண்டுமா என்றால், அதுவும் இல்லை.

கிளம்பும்போது ஆன்ட்டியே இறங்கி வந்தார். "வெட்ட மாட்டேன்னா அங்க நாலு மரமாவது நடச் சொல்லு தம்பி." மரம் என்றால் இந்த ஊரில் யாரும் மறுப்பதில்லை. ஆனால் நிழல் அடர்ந்தால் லாலாங் நிற்காது, மற்றப் புல்லும் மெலியும். புல் போனால் சில்லைக்கு அங்கே தீனி ஏது? அவரிடம் மரம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நடச் சொல்கிறேன் என்றும் சொல்லவில்லை.