அந்தக் கேள்விக்குறி

தப்புன்னும் போடல, சரின்னும் போடல, பக்கத்துல ஒரு கேள்விக்குறி போட்டேன், அவ்ளோதான். நான் பிரான்ஸ்ல டீச்சர், வரலாறு பரீட்சையில "கோலுவாக்கள் யார்?"னு கேட்டிருந்தேன். பையன் முதல் ரெண்டு வரி அழகா எழுதியிருந்தான், ரோமர்கள் வர்றதுக்கு முன்னாடி இங்க வாழ்ந்த பல இனக்குழுக்கள், விவசாயம் பண்ணாங்க, இரும்பு வேலை தெரிஞ்சவங்கன்னு. மூணாவது வரி, "அவங்க என் முன்னோர்." ஒன்பது வயசு, அப்பா அம்மா யாழ்ப்பாணத்துலேருந்து வந்தவங்க. தாள் கையெழுத்துக்காக வீட்டுக்கு போச்சு, மறுநாள் சாயங்காலம் ஸ்கூல் கேட்ல அவன் அம்மா எனக்காக நின்னுட்டு இருந்தாங்க.

நான் அந்த பாடத்தை எப்படி எடுத்தேன்னு சொல்லலேன்னா ஏன் அப்படி போட்டேன்னு புரியாது. அலீஸ்-சேன்ட்-ரேன் குன்று மேல நிக்கிற வெர்சென்ஜெட்டோரிக்ஸ் சிலையோட போட்டோவை போர்டுல காட்டினேன். கி.மு. 52ல சீசர்கிட்ட தோத்துப்போன கோலுவா தலைவன், அவனுக்கு சிலை வந்தது 1865ல, பேரரசர் மூணாம் நெப்போலியன் சொல்லி எமெ மில்லேன்ற சிற்பி செஞ்சது, கிட்டத்தட்ட ஏழு மீட்டர். கையில இருக்கிற வாள் அவன் காலத்துக்கு பல நூறு வருஷம் முந்தின வெண்கலக் காலத்து வாள், கால்ல சுத்தியிருக்கிற பட்டை அவனுக்கு பல நூறு வருஷம் பிந்தினது. அவன் பேர் போட்ட தங்க நாணயத்துல இருக்கிற முகத்துக்கு மீசையே கிடையாது, சிலைக்கு தொங்குமீசை. முகம் யாரை மாதிரி இருக்குன்னு பேரரசரோட படத்தையும் பக்கத்துல வெச்சேன், பிள்ளைங்களே கத்திட்டாங்க. பீடத்துல கோல் நாடு (கோலுவாக்களோட நாடு) ஒன்னா சேர்ந்து ஒரே தேசமா நின்னா உலகத்தையே எதிர்க்கலாம்ன்ற மாதிரி ஒரு வாசகம். அதுக்கு மூலமே சீசர் தன் புத்தகத்துல அவன் பேசினதா எழுதினதுதான். அப்போ ஒரே தேசம்னு ஒன்னும் இல்ல, டஜன் கணக்குல குழுக்கள், ஏதுவி மாதிரி சில பேர் ரோமுக்கு ரொம்ப நாள் கூட்டாளிங்க. நல்லா போன வகுப்பு அது, இப்பவும் அப்படித்தான் சொல்வேன்.

அந்த சிலையெல்லாம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடி பிரான்ஸ்ல பெரிய இடத்துக்காரங்க கோலுவாக்களை சொந்தம்னு சொல்லிக்கிட்டதே கம்மி. ராஜாக்களுக்கு ட்ராய் நகரத்து வம்சம்னு கதை இருந்துது. 18ம் நூற்றாண்டுல பிரபுக்கள் நாங்க ரோமர்களுக்கு அப்புறம் ஜெர்மன் பக்கத்துலேருந்து ஜெயிச்சு வந்த ஃப்ராங்க் வீரர்களோட வாரிசு, அதனால ஆள்ற உரிமை எங்களுதுன்னாங்க. 1789ல பிரெஞ்சுப் புரட்சி சமயத்துல சியெயெஸ்ன்ற பாதிரியார் திருப்பி கேட்டார், அப்படின்னா உங்களை ஜெர்மனியில இருக்கிற அந்த ஃப்ராங்கோனியா காட்டுக்கே திருப்பி அனுப்பிட்டா என்னன்னு. அங்கேருந்துதான் சாதாரண ஜனங்களோட மூதாதையரா கோலுவாக்கள் மேல வர்றாங்க, 1828ல அமெதே தியெரின்ற வரலாற்று ஆசிரியர் அவங்க வரலாறை எழுதறார், 1870ல ஜெர்மன் நாடான பிரஷ்யாகிட்ட தோத்த பிறகு தோத்தும் மானத்தோட நின்ன ஒரு வீரன் தேவைப்பட்டான், வெர்சென்ஜெட்டோரிக்ஸ் ஸ்கூல் புத்தகத்துக்குள்ள வந்துட்டான். அந்தப்பக்கம் ஜெர்மனிக்காரங்களும் ரோமை தோற்கடிச்ச அர்மினியஸை ஹெர்மன்னு கூப்பிட்டு 1875ல டூட்டோபுர்க் காட்டுல சிலை வெச்சாங்க, மேற்கு பாத்து நிக்குது, அவன் வாள் மட்டுமே ஏழு மீட்டர், பிரெஞ்சு சிலையோட மொத்த உயரம். ரெண்டு பக்கமும் ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின ஆளை கூப்பிட்டு அன்னைக்கு சண்டையில நிறுத்தியிருக்காங்க. இதை தெரிஞ்சுகிட்டு ஒரு டீச்சர் "அவங்க என் முன்னோர்"ன்ற வரிக்கு சரின்னு சும்மா பச்சை புள்ளி வெச்சிட்டு போக முடியுமா?

முடியாதுன்னுதான் நினைச்சேன். கேட்ல நடந்தது இது.

"டீச்சர், பிள்ளை எழுதினது பிழையோ?"

"பிழைன்னு போடலக்கா. அது எப்படி தெரியும்னு அவன் யோசிக்கணும்னுதான்."

"மற்றப் பிள்ளையளுக்கும் இப்பிடித்தான் போட்டனீங்களோ?"

"ஆமாக்கா. இன்னும் சில பேர் அதே மாதிரி எழுதியிருந்தாங்க, எல்லாருக்கும் இதேதான்."

அது உண்மை, தாளை எடுத்துக் காட்டவும் தயாரா இருந்தேன். அவங்க கேக்கல.

"சரி டீச்சர். ஆனா அந்தப் பிள்ளையள் வீட்ட போய் இதை யோசிக்க மாட்டினம். இவன் ராத்திரி முழுக்க கேட்டவன், அப்ப என்ட ஆக்கள் ஆர் எண்டு." கொஞ்சம் நிறுத்திட்டு, கோபமே இல்லாம, "உங்கட பேர் பிரெஞ்சுப் பேர். உங்களை ஒருத்தரும் கேக்க மாட்டினம்" அப்படின்னாங்க. நான் அவன்கிட்ட பேசுறேன்க்கான்னு மட்டும் சொன்னேன்.

கேள்விக்குறி எல்லாருக்கும் ஒன்னுதான், அது விழுந்த இடம் ஒன்னு இல்ல. மத்த பிள்ளைங்களுக்கு அது வரலாறு பத்தின கேள்வி, இவனுக்கு நீ இங்கத்தவனான்ற கேள்வி. நான் அப்படி கேக்கல, ஆனா அவன் காதுல அப்படித்தான் விழுந்திருக்கு, ஏன்னா அந்த கேள்வியை அவன் எனக்கு முன்னாடியே வேற யார் வாயிலயோ கேட்டிருப்பான்.

பேர் விஷயம் இன்னும் குடையுது. எங்க குடும்பம் புதுச்சேரி. 1881 செப்டம்பர்ல வந்த அரசாணைப்படி, தன்னோட சாதி, சமய வழக்கச் சட்டத்தை விட்டுட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்துக்கு வர்றவங்க ஒரு குடும்பப் பேரை தேர்ந்தெடுத்து பதிஞ்சுக்கலாம், எங்க தாத்தாவோட தாத்தா அப்படி எடுத்த பேர்தான் இன்னைக்கு என் வகுப்புக் கதவுல ஒட்டியிருக்கு. அதே வருஷம் ஜூன்லதான் அப்போ கல்வி அமைச்சரா இருந்த ஜூல் ஃபெரி இங்க ஆரம்பப் பள்ளியை இலவசமாக்கினார், அந்த பள்ளிகளுக்குள்ளதான் எர்னெஸ்ட் லவிஸ்ன்ற வரலாற்று ஆசிரியரோட பாடப் புத்தகம் போச்சு, முன்னாடி நம்ம நாட்டு பேர் கோல், அதுல இருந்தவங்க கோலுவாக்கள்னு. தாத்தா புதுச்சேரியில பிரெஞ்சு பள்ளியில படிச்சு அதை மனப்பாடமா வெச்சிருந்தார், வயசான காலத்துலயும் நிமிர்ந்து உக்காந்து சொல்வார். அவர் ரத்தத்தை பத்தி ஏமாந்தவர் கிடையாது. அந்த வரியை சொல்ல தனக்கும் உரிமை இருக்குன்னு நினைச்சவர். அந்த மாணவன் எழுதினதும் அதுவா இருந்தா நான் திருத்தினது வேற ஒரு பரீட்சையை.

ஆனா திரும்பவும் யோசிச்சா, அது வரலாறு தாள்தானே. 2016ல முன்னாள் ஜனாதிபதி சார்க்கோசி, பிரெஞ்சு ஆயிட்டா உங்க முன்னோர் கோலுவாக்கள்தான்னு மேடையில பேசினப்ப (சில நாள் கழிச்சு மத்தவங்களையும் சேர்த்து விளக்கம் சொன்னார்) எங்க ஸ்டாஃப் ரூம்ல ரொம்ப கோபப்பட்டவ நான். மேலேருந்து ஒருத்தர் இதை நிபந்தனையா வெக்கிறதும் ஒரு குழந்தை தானா ஆசைப்பட்டு எடுத்துக்கிறதும் ஒன்னா? இல்லன்னு சொல்லத்தான் மனசு வருது. அப்புறம் தோணுது, தானா எங்க எடுத்தான், நீ யாருன்னு அவனை கேட்டுக்கிட்டே இருக்காங்க, அதனால ஒரு பதில் ரெடி பண்ணிக்கிட்டான்.

பையன்கிட்ட பேசினேன். எல்லார் குடும்பமும் கலந்துதான் வந்திருக்கு, கோலுவா, ரோமர், ஃப்ராங்க், பிறகு இத்தாலி, போலந்து, போர்ச்சுகல்லேருந்து வந்தவங்க, யாருக்கு யார் முன்னோர்னு ரெண்டாயிரம் வருஷம் பின்னாடி போய் ஒருத்தராலயும் பேர் சொல்லி காட்ட முடியாதுன்னேன். அவன் கவனமா கேட்டுட்டு, "யாருக்குமே தெரியாதுன்னா நானும் இருக்கலாம்ல?"ன்னான். இருக்கலாம்னு சொன்னேன். சொன்னது உண்மையா, சமாதானமான்னு எனக்கே பிரிச்சு பாக்க தெரியல, அவன் முகம் தெளிஞ்சுது, அது மட்டும் தெரியும்.

ரிட்டயர் ஆகப்போற ஒரு கொலீக், அவங்க தாத்தா போர்ச்சுகல்லேருந்து வந்தவர், "எனக்கும் இதைத்தான் சொல்லிக்குடுத்தாங்க, நான் அதை பிடிச்சுக்கிட்டுத்தான் வளர்ந்தேன், பச்சை புள்ளி வெச்சா உனக்கு என்ன போச்சு"ன்னாங்க. என் வகுப்பு போச்சுன்னு சொன்னேன், சிலையில அவ்வளவும் காட்டிட்டு கடைசியில அதுக்கே தலையாட்டினா பிள்ளைங்க நான் சொன்ன எதை நம்பணும். அவங்க ஒத்துக்கல, நானும் விடல.

இந்த வருஷம் கேள்வியை மாத்திட்டேன். சிலையை எப்போ வெச்சாங்க, யார் வெச்சாங்க, ஏன்னு கேக்கிறேன். திருத்துறதுக்கும் சுலபமா இருக்கு, யார் வீட்டுலேருந்தும் யாரும் வரல. அந்த பையன் எழுதின மாதிரி ஒரு வரி இனிமே எந்த தாள்லயும் வராது, அதுதான் எனக்கு வேணுமான்னு கேட்டா உடனே ஆமான்னு சொல்ல முடியல.