'ஸ்மோக் ஆன் தி வாட்டர்': தீப்பிடித்த கசினோவும் பன்னிரண்டு தட்டும்

மலேசியாவில் சுங்கை சிப்புட்டுப் பக்கம் கித்தார் பழகும் பையனிடம் ஏதாவது வாசி என்றால், பாதிப் பேர் கை முதலில் போவது இந்தப் பாட்டின் தொடக்க மெட்டுக்குத்தான். தடித்த கம்பி ஒன்றில் மட்டும் 0, 3, 5 என்று தட்டுவார்கள் (எண் எந்தக் கட்டத்தில் அழுத்துவது என்பது, 0 என்றால் அழுத்தாத திறந்த கம்பி). பாட்டு அடையாளம் தெரியும், ஆனால் இசைத்தட்டில் இருப்பது அது இல்லை. அது ஏன் என்பதற்கு முன், பாட்டின் கதை. பாட்டு வரிகளே ஒரு சம்பவ அறிக்கைதான், கற்பனை என்று அதில் எதுவும் இல்லை.

1971 டிசம்பர் தொடக்கம். இந்தப் பாட்டைப் போட்ட ஆங்கில ராக் குழுவான டீப் பர்ப்பிள் சுவிட்சர்லாந்தில் ஜெனீவா ஏரிக்கரையில் இருக்கும் மோந்த்ரூ நகரத்துக்கு வந்திருந்தது. பாடகர் இயன் கிலன், கித்தார் ரிட்சி பிளாக்மோர், பேஸ் ரோஜர் குளோவர், ஆர்கன் ஜான் லார்ட், டிரம்ஸ் இயன் பெய்ஸ். குளிர்காலத்துக்கு மூடப்போகும் கசினோ மண்டபத்தை எடுத்துக்கொண்டு, ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்குச் சொந்தமான ஒலிப்பதிவு லாரியை வாசலில் நிறுத்தி, ஆல்பம் பதிவு செய்வதாகத் திட்டம். அதற்கு முன் அங்கே ஒரே ஒரு கச்சேரி பாக்கி: டிசம்பர் 4, அமெரிக்க இசைக்கலைஞர் பிராங்க் சாப்பாவின் 'மதர்ஸ்' குழு.

கச்சேரி நடுவில், கூட்டத்தில் ஒருவன் கூரையைப் பார்த்து ஃபிளேர் துப்பாக்கியால் சுட்டான். கடலில் ஆபத்து என்றால் சுடும் வெளிச்சக் குண்டு அது. கூரையில் வேய்ந்திருந்தது பிரம்பு. நம் நாட்டில் பிரம்பு நாற்காலி வைத்திருப்பவர்களுக்கு அது எப்படிப் பற்றும் என்று சொல்லத் தேவையில்லை. கசினோ முழுவதும் எரிந்து போனது, சாப்பா குழுவின் கருவிகளும் போயின. ஆனால் உயிர்ச்சேதம் இல்லை. மோந்த்ரூ ஜாஸ் விழாவை 1967இல் தொடங்கியவர்களில் ஒருவரான குளோட் நோப்ஸ் இளைஞர்களை வெளியே இழுத்துவிட ஓடியதைப் பாட்டிலேயே செல்லப்பெயரோடு சொல்லியிருக்கிறார்கள். தமிழ்ப்புத்தாண்டு கலைநிகழ்ச்சிக்கு பாலாய்ராயா (ஊர்ப் பொதுமண்டபம்) மேடையில் தீப்பொறி இயந்திரம் வைக்க ஆசைப்படும் ஏற்பாட்டாளர்கள், தோரணமும் பிளைவுட் கூரையும் எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன என்று ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொள்வது நல்லது. பொம்பா (தீயணைப்புப் படை) வந்து சேர்வதற்குள் பிளைவுட் காத்திருக்காது.

ஏரியின் மேல் புகை படர்ந்ததைக் குழுவினர் ஓட்டலிலிருந்து பார்த்தார்கள். சில நாள் கழித்துத் தூக்கத்திலிருந்து எழும்போது 'தண்ணீர்மேல் புகை' என்ற இந்தத் தலைப்பு குளோவரின் வாயில் வந்தது. போதைப்பொருள் பாட்டு மாதிரி இருக்கிறதே என்று முதலில் தயங்கினார்கள்.

மெட்டு அதற்கு முன்பே பதிவாகிவிட்டது. கசினோ போனதும் நோப்ஸ் 'பெவிலியன்' என்ற அரங்கைப் பிடித்துக் கொடுத்தார். இரவில் அவர்கள் போட்ட சத்தத்தில் அக்கம்பக்கத்தார் புகார் கொடுக்க, போலீஸ் வந்து கதவைத் தட்டியது. பதிவு முடியும்வரை கதவைத் திறக்க விடாமல் உதவியாளர்கள் உள்ளேயிருந்து பிடித்துக்கொண்டார்கள். அந்த இடத்தில் கிடைத்தது இந்த ஒரு பாட்டின் வாத்தியப் பகுதி மட்டும்தான். மற்றவை எல்லாம், குளிர்காலத்துக்குப் பூட்டிக் கிடந்த கிராண்ட் ஓட்டலின் நடைக்கூடத்தில், மெத்தைகளைச் சுற்றி அடுக்கிப் பதிவானவை. பதிவைக் கேட்க லாரிவரை போய் வருவது பெரிய பாடு என்பதால், கடைசியில் கேட்பதையே விட்டுவிட்டார்கள். ஒலிப்பதிவு மார்ட்டின் பர்ச்.

'மெஷின் ஹெட்' ஆல்பம் 1972 மார்ச்சில் வந்தது. இந்தப் பாட்டின்மேல் யாருக்கும் பெரிய நம்பிக்கை இல்லை. முதலில் தனிப்பாட்டாக வெளியிட்டது 'நெவர் பிஃபோர்' என்ற வேறொரு பாட்டை. 1973இல்தான் இது தனியாக வெளிவந்து அமெரிக்கப் பில்போர்டு பட்டியலில் 4ஆம் இடம் பிடித்தது.

இப்போது அந்தத் தொடக்க மெட்டு. மொத்தம் நாலு தாள அளவு (ஒவ்வொன்றிலும் நாலு எண்ணிக்கை), பன்னிரண்டு தட்டு: மூன்று, நாலு, ஐந்து என்று பிரித்துப் பாருங்கள். மேல்நாட்டுச் சுரமான ஜி-யை ஸட்ஜமாக வைத்தால் ஸ-க-ம, ஸ-க-ம-ம, ஸ-க-ம-க-ஸ. காந்தாரம் சாதாரணம். இரண்டாவது துண்டில் மட்டும் பிரதி மத்திமத்தைத் தொட்டுச் சுத்த மத்திமத்தில் இறங்குகிறது. இரண்டு மத்திமமும் இப்படி ஒட்டி வருவதால்தான் அந்த இடம் காதில் குத்துகிறது.

ஒற்றைக் கம்பியில் வாசிப்பவர்கள் விடுவது, ஒவ்வொரு சுரத்துக்கும் கீழே ஒலிக்கும் துணைச் சுரத்தை. ஸட்ஜமத்துக்குக் கீழே மந்தர பஞ்சமம். மற்றவற்றுக்கும் அதே இடைவெளி. டி, ஜி கம்பிகள் (தடித்த பக்கமிருந்து மூன்றாவதும் நாலாவதும்) இரண்டையும் சேர்த்து:

0, 3, 5
0, 3, 6, 5
0, 3, 5, 3, 0

3இல் ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்து இரண்டு கம்பியையும் அழுத்துங்கள். 5க்கு மோதிர விரல். 6க்கு அதே விரலை ஒரு கட்டம் நகர்த்தித் திரும்பக் கொண்டுவரலாம். இன்னொரு தவறு, வழக்கமான பவர் கார்டு (ஒரு சுரமும் அதற்கு மேல் பஞ்சமமும் சேர்ந்த பிடி) போடுவது. அதில் ஜி கீழேயும் டி மேலேயும் போய்விடும். ஒலி கனமாகும், ஆனால் இந்தப் பாட்டின் கூர்மை போய்விடும்.

பிளாக்மோர் இதைப் பிக்கால் (கம்பியை மீட்டும் சிறு தகட்டால்) அடிப்பதில்லை, விரலால் சுண்டுகிறார். பிக் இறங்கும்போது டி கம்பி ஒரு நொடித்துளி முந்தி ஒலிக்கும். கட்டைவிரலை டி-யிலும் ஆள்காட்டியை ஜி-யிலும் வைத்து ஒன்றாகச் சுண்டினால் இரண்டும் ஒரே அடியாக வரும். திறந்த கம்பி இழுத்துக்கொண்டே இருக்கும் என்பதால் 0 வாசித்ததும் இடக்கை விரல்களை மெல்லத் தொட்டு அதை அடக்க வேண்டும். ஆம்ப்ளிஃபயரில் உறுமலைக் கூட்டும் கெயினைக் குறையுங்கள். இந்த இரட்டைச் சுரங்களுக்கு உறுமல் கூடினால் சேறாகிவிடும்.

பெரும்பாலோர் சறுக்குவது தாளத்தில். முதல் துண்டு 1, 2, 3ஆம் எண்ணிக்கைகளில் நேராக விழுகிறது. இரண்டாவது துண்டு அடுத்த அளவின் 1இல் தொடங்காது. 4க்கும் 1க்கும் நடுவிலேயே வந்துவிடும். அடுத்த இரண்டு தட்டும் எண்ணிக்கைக்கு நடுவில்தான், கடைசி 5 மட்டும் 3இல் உட்காரும். அதாவது மூன்று அடி நேர், மூன்று அடி எதிர். எல்லாவற்றையும் நேராகப் போட்டால் பள்ளிக்கூட அணிவகுப்பு மாதிரி கேட்கும். உருமி மேளத்தில் அடித்துப் பழகிய பையன்கள் இதை இரண்டே சுற்றில் பிடிப்பார்கள், தாளக் காகிதம் பார்த்துப் படித்தவர்களுக்குத்தான் நேரம் ஆகும். வேகம் நிமிடத்துக்கு 112 எண்ணிக்கையை ஒட்டி. ஹைஹேட் (டிரம்ஸில் காலால் மூடித் திறக்கும் இரட்டைத் தட்டு) சேர்ந்ததும் ஓடத் தோன்றும், ஓடாதீர்கள்.

வாத்தியங்கள் நுழையும் வரிசையை மாற்றவே கூடாது. கித்தார் தனியாக, பிறகு ஹைஹேட்டும் ஆர்கனும், பிறகு முழு டிரம்ஸ், பேஸ் கடைசியில்தான், ஜி-யிலேயே ஒரு தாள அளவுக்கு எட்டுத் தட்டாக. கித்தாரோடு பேஸும் முதலிலிருந்தே அடித்தால், ஏறுவதற்குப் படியே இருக்காது.

கீபோர்டுக்காரருக்கு: லார்ட் தன் ஹேமண்ட் ஆர்கனைக் கித்தாருக்கான மார்ஷல் ஆம்ப்ளிஃபயர் வழியாகப் போட்டு உறும வைத்தார். கித்தாரா ஆர்கனா என்று பிரிக்க முடியாத அந்த ஒலி அப்படி வந்ததுதான். உங்கள் கீபோர்டில் ஆர்கன் ஒலியை எடுத்து, மண்டப ஒலிபெருக்கிக்கு நேராக அனுப்பாமல், மிச்சமிருக்கும் சின்னக் கித்தார் ஆம்ப் வழியாக விடுங்கள்.

தகரக்கூரை மண்டபத்தில் பேஸ் சுவருக்குச் சுவர் சுற்றும். ஆம்பைப் பலகை மேடையிலிருந்து தூக்கி நாற்காலியில் வையுங்கள், தாழ்ந்த அதிர்வைக் குறையுங்கள். ஸ்ட்ராடோகாஸ்டர் வகைக் கித்தார் டியூப் லைட் பக்கத்தில் 'ம்ம்ம்' என்று இரையும். மேடைக்கு மேலே இருக்கும் லைட்டை அணைத்தால் பாதி போகும், உடம்பைக் கொஞ்சம் திருப்பி நின்றால் இன்னும் கொஞ்சம் போகும்.

கடைசியாக, இசைத்தட்டில் பாட்டுக்கு முடிவே கிடையாது. ஆர்கன் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒலி தேய்ந்து மறைகிறது. மேடையில் அப்படி மறைய முடியாது. 1972இல் ஜப்பானில் பதிவான 'மேட் இன் ஜப்பான்' வடிவத்தைக் கேட்டு அதுபோல் இழுத்து முடிக்கலாம். புதிய குழுவென்றால், மெட்டை ஒரு முறை வாசித்துக் கடைசி ஜி-யில் எல்லாரும் ஒன்றாக இறங்கினாலே போதும். யார் தலையசைப்பது என்பதை மட்டும் மேடை ஏறும் முன்பே பேசி வையுங்கள், டிரம்ஸ்காரரே அசைப்பது நல்லது.